கிக்கரை உதைப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: ஐயா, மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவிடம் 2003ஆம் ஆண்டு வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இருக்கிறது. அவர் பெங்களூருக்கு வந்து எங்களோடு தங்கிய பிறகு, இரண்டரை ஆண்டுகளாக அது கொல்லைத் தாழ்வாரத்திலேயே நிற்கிறது. நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடவில்லை என்று அப்பா இப்போது சொல்கிறார். விடுமுறைக்கு வந்த நான் டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோலின் மேலேயே ஒரு லிட்டர் புதிது ஊற்றி, கால் வலிக்கும்வரை உதைத்துப் பார்த்தேன். சோக் போட்டு உதைத்தால் எப்போதாவது ஒரு நொடி உறுமிவிட்டு அணைகிறது. சோக்கை எடுத்தால் அதுவும் இல்லை. ஹார்ன், இண்டிகேட்டர் எதுவும் வேலை செய்யவில்லை. கார்பரேட்டருக்கு அடியில் பெட்ரோல் சொட்டுகிறது. ஒரு மெக்கானிக் பேட்டரி மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், பொறிக்கான மின்சாரத்தை அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி போய்விட்டது, கார்பரேட்டரும் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். மூன்றாமவர் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து போர் செய்ய வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? ஸ்பேனர் பிடித்த பழக்கம் எனக்குக் கொஞ்சம் உண்டு. நானே பார்க்கலாமா? சரியானால், திரும்பிப் போகும்போது வண்டியை எப்படி நிறுத்திவைப்பது?

பதில்: தம்பி, மூன்று பேர் சொன்னதையும் ஓரமாக வையுங்கள். இப்போதைக்கு ஒரு பொருளும் வாங்க வேண்டாம். என்ன கோளாறு என்பதற்கான துப்பு அத்தனையையும் நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்த மூவரில் யாரும் உங்களிடம் நாலு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

சோக் போட்டால் ஒரு நொடி உறுமுகிறது என்கிறீர்களே, அந்த ஒரு நொடியில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சின் உறுமுவதற்கு மூன்று வேண்டும்: கார்பரேட்டரில் பெட்ரோலும் காற்றும் சேர்ந்து உண்டாகும் கலவை, அதை இறுக்கும் கம்ப்ரெஷன், சரியான நேரத்தில் பிளக்கில் பொறி. ஒரே ஒரு நொடி ஓடினாலும் இந்த மூன்றும் அந்த நொடியில் இருந்தன என்றுதான் பொருள். சி.டி.ஐ. செத்துப்போயிருந்தால் அந்த உறுமல் வராது. பிஸ்டன் ரிங்கும் போரும் கெட்டுக் கம்ப்ரெஷனே இல்லையென்றால், இத்தனை காலம் கிடந்த குளிர்ந்த எஞ்சின் இப்படிப் பிடித்துப் பார்க்காது. ஆகவே எஞ்சினைப் பிரிக்கும் பேச்சை இன்று எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பேட்டரிக்கு வருவோம். உங்கள் வண்டியில் பொறிக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து வருவதில்லை. கிக்கரை உதைத்தால் மேக்னெட் சுழல்கிறது. அதற்குள் இருக்கும் காயிலில் உண்டாகும் மின்சாரம் சி.டி.ஐ.க்குப் போய், அங்கிருந்து இக்னிஷன் காயில் வழியாகப் பிளக்கை அடைகிறது. ஹார்னும் இண்டிகேட்டரும்தான் அந்தச் சிறிய 12 வோல்ட் பேட்டரியை நம்பியிருப்பவை. இரண்டரை ஆண்டு சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி நிச்சயம் செத்திருக்கும், ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதை மாற்றினால் ஹார்ன் அடிக்கும், வண்டி கிளம்பாது. பின்னால் வந்த மாடல்களில் பேட்டரியை நம்பியே பொறி வருகிற வண்டிகள் உண்டு. அந்தப் பழக்கத்தில் உங்கள் மெக்கானிக் சொல்லியிருக்கலாம்.

மிச்சம் இருப்பது பெட்ரோல் பாதை. சோக் என்பது கார்பரேட்டருக்குள் போகும் காற்றின் வழியை அடைக்கும் ஒரு தகடு. காற்று குறைந்தால் எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் பெட்ரோல் துளைகள்மீது விழுகிறது. பாதி அடைபட்ட துளையிலிருந்துகூடக் கொஞ்சம் பெட்ரோல் வந்துவிடும். அதனால்தான் சோக் போட்டால் உறுமல் வருகிறது, எடுத்தால் இல்லை. இந்த அறிகுறி நேரே கைகாட்டும் இடம், பெட்ரோலை அளந்து விடும் ஸ்லோ ஜெட் என்னும் சிறு துளைக்குழாய். ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்வதும் வண்டி நின்ற இடத்தில் மெல்ல ஓடும் ஐட்லிங்கும் அதன் பொறுப்பு. பித்தளையில் செய்த சுண்டுவிரல் நகத்தளவு சாமான். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை அடைக்க ஒரு துளி பிசின் போதும்.

அந்தப் பிசின் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் லேசானவை முதலில் ஆவியாகிவிடும். எஞ்சின் குளிரில் பிடிக்க வேண்டியதும் அந்த லேசானவற்றால்தான். கனமானது கீழே தங்கி, காற்றோடு வினைபுரிந்து பழுப்பு நிறப் பிசினாகிறது. கார்பரேட்டரின் அடியில் இருக்கும் கப்புக்கு வெளிக்காற்றோடு தொடர்பு உண்டு, எனவே அங்கே நிற்கும் பெட்ரோல் தொடர்ந்து ஆவியாகும். அப்பா டேப்பை மூடாமல் விட்டார் என்று எழுதியதுதான் இங்கே முக்கியம். கப்பில் ஆவியானது குறையக் குறைய, டேங்கிலிருந்து புதிதாக இறங்கி அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. அதுவும் ஆவியாகி, தன் பங்குப் பிசினை விட்டுச் சென்றிருக்கிறது. ஒரு கப் பெட்ரோலின் கசடு இருக்க வேண்டிய இடத்தில் பல கப் பெட்ரோலின் கசடு சேர்ந்திருக்கும்.

இதோடு எத்தனாலும் சேர்ந்துகொண்டது. நம் பெட்ரோலில் எத்தனால் கலப்பு ஆண்டுக்காண்டு கூடி, 2025இல் 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் போய் நிற்கும். டேப் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். காவிரிப் படுகையில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடியில் சொட்டுவதற்கும் காரணம் இதே பிசின்தான். கப்பில் பெட்ரோல் போதிய அளவு ஏறியதும் ஃப்ளோட் என்னும் மிதவை மேலே எழும்பி, ஒரு கூர்முனை நீடிலைத் தள்ளி வழியை மூட வேண்டும். அந்த நீடிலோ ஃப்ளோட்டோ பிசினில் ஒட்டிக்கொண்டால் வழி மூடாது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். இதை அலட்சியம் செய்யக் கூடாது. வழிவது வெளியே மட்டும் என்று நினைக்காதீர்கள். எஞ்சினுக்குள்ளும் இறங்கலாம். அப்படி இறங்கினால் சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பூச்சையும் கழுவிவிட்டு, கீழே எஞ்சின் ஆயிலோடு கலக்கும். அந்த நிலையில் நீங்கள் உதைக்கும் ஒவ்வோர் உதையும் வறண்ட சுவரில் ரிங்கைத் தேய்க்கிறது. மூன்றாம் மெக்கானிக் சொன்ன போர் வேலை அப்போதுதான் உண்மையிலேயே வந்து சேரும்.

எனவே இந்தப் பதிலைப் படித்ததும் செய்ய வேண்டியது: பெட்ரோல் டேப்பை மூடுங்கள். கிக்கரைத் தொடாதீர்கள். நாலு பிள்ளைகளைக் கூட்டித் தெருவில் தள்ளுவதும் வேண்டாம். அடைபட்ட ஜெட் தள்ளினால் திறக்காது, பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், அவ்வளவுதான். கார்பரேட்டர் வாயில் நேரே பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். பின்னோக்கி வெடித்தால் தீ முகத்துக்கு வரும்.

வண்டியைத் தாழ்வாரத்திலிருந்து வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு உருட்டிக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, பக்கத்து அடுப்பையோ விளக்கையோ தேடிப் போய்ப் பற்றும். பீடி, சிகரெட் கூடாது. ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலி. சிரிக்க வேண்டாம், கொல்லைத் தாழ்வாரத்தில் நின்ற வண்டி என்றால் நான் பார்க்கும் முதல் இடம் ஏர் ஃபில்டர் பெட்டிதான். திறந்தால் வைக்கோல், துணிக்கிழிசல், சில நேரம் குட்டிகளோடு குடும்பமே இருக்கும். சைலன்சரின் பின்வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்து, கம்பியால் மெல்ல உடைத்து எடுங்கள். சீட்டைக் கழற்றி ஒயர்களையும் பாருங்கள். எலி கடித்த ஒயர் ஒன்று சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தால் அதுவே தனிக் கதையாகிவிடும்.

அடுத்தது டேங்க். டேப்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கார்பரேட்டர் முனையில் உருவி, ஒரு பெட்ரோல் கேனுக்குள் விட்டு டேப்பை ரிசர்வில் வையுங்கள். ரிசர்வில் வைத்தால்தான் அடிவரை இறங்கும். நீங்கள் ஊற்றிய புது லிட்டரும் பழையதோடு கலந்து கெட்டதுதான், பாவம் பார்க்காமல் இறக்கிவிடுங்கள். பழைய பெட்ரோல் நிறம் சிவந்து, வார்னிஷ் நெடி அடிக்கும். மூக்கு வைத்தாலே தெரிந்துவிடும். அதைச் சாக்கடையிலோ வயலிலோ கொட்டாதீர்கள். ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பாகங்கள் கழுவ வாங்கிக்கொள்வார்கள்.

இறங்கும் விதத்தையும் கவனியுங்கள். குழாயிலிருந்து சீராகக் கொட்ட வேண்டும். நூல்போல வந்தால் டேப்பின் உள்ளே இருக்கும் வலை அடைத்திருக்கிறது. டேப்பின் அடியில் சிறு கப் இருந்தால் அதையும் கழற்றிக் கழுவுங்கள். முதலில் நன்றாக வந்து, பிறகு நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் மறுபடி வந்தால், மூடியில் இருக்கும் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இந்தத் துளையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி, இரண்டு கிலோமீட்டர் போய் நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கிளம்பும். ஆளைப் பைத்தியமாக்கும் கோளாறு இது.

டேங்க் காலியானதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். லேசான பழுப்புப் படலம் என்றால் கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி இறக்கினால் போதும். துரு செதில் செதிலாக உதிர்கிறது என்றால் டேங்க்கைக் கழற்றித் தனியே சுத்தம் செய்யாமல் மேற்கொண்டு போகாதீர்கள். இன்று ஜெட்டைச் சுத்தம் செய்தாலும் நாளை மறுநாள் அதே துரு வந்து அடைக்கும்.

இனிப் பிளக். வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனராலேயே கழற்றலாம். கழற்றுமுன் அதைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். இவ்வளவு உதைத்த பிறகு பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. நனைந்து நெடி அடித்தால் வழிந்து வந்து மூழ்கடித்திருக்கிறது. உங்கள் வண்டியில் இரண்டும் மாறிமாறி நடந்திருக்கலாம். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பழைய பிளக் என்றால் ஒன்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பொருளும் வாங்க வேண்டாம் என்ற பேச்சுக்கு இது முதல் விலக்கு.

பொறி இருக்கிறது என்று உங்கள் கடிதத்தை வைத்துச் சொன்னேன். கண்ணாலும் பார்த்துவிடுங்கள். ஆனால் பெட்ரோல் இறக்கிய இடத்திலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தி, வழிந்ததெல்லாம் உலர்ந்த பிறகு, பிளக் துளையை ஒரு துணியால் நன்றாக அடைத்துவிட்டு. பிளக்கைக் கேப்பில் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினில் துளையிலிருந்து விலகிய ஓர் இடத்தில் அழுத்தி வைத்து, சாவியைப் போட்டு, கிக்கரைக் கையால் வேகமாக அழுத்தினால் போதும். நீலமாகச் சட்டென்று அடித்தால் நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் பிளக்கையும் பிளக் கேப்பையும் சந்தேகப்படுங்கள். சி.டி.ஐ. மீது பழி போடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில். பூட்டிய பெட்டி என்பதால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது, அதனால் தெரியாத கோளாறையெல்லாம் அதன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பிளக் கழற்றியிருக்கும்போதே அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு, சாவியை எடுத்துவிட்டு, கிக்கரைக் கையால் நாலைந்து முறை மெல்ல இறக்குங்கள். காய்ந்த சிலிண்டர் சுவருக்கு அது உயிர் கொடுக்கும். எஞ்சின் ஆயிலையும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, பால்போல வெளிறியிருந்தாலோ ஸ்டார்ட் செய்யுமுன் மாற்றியாக வேண்டும். என்னைக் கேட்டால், வாடை இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஒரு லிட்டர் வாங்கினால் போதுமான வேலை.

இப்போது கார்பரேட்டர். இதற்காக ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஒரு வெள்ளை வேட்டித்துண்டைத் தரையில் விரித்து வேலை செய்யுங்கள். ஸ்ப்ரிங்கோ ஜெட்டோ தவறி விழுந்தால் மண்ணில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மூடியைத் திருகினால் ஆக்சிலேட்டர் கேபிளோடு பிஸ்டன்போன்ற ஸ்லைடும் நீண்ட நீடிலும் வெளியே வரும். அதை வளைக்காமல் துணியில் சுற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள். கார்பரேட்டரை எஞ்சினோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றினால் அது கைக்கு வந்துவிடும். எஞ்சினுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே இருக்கும் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். அங்கே காற்றுக் கசிந்தால் ஐட்லிங் ஒருநாளும் நிற்காது.

கப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் மெல்லியவை, உப்புக்காற்றும் ஈரமும் பட்டு இறுகியிருக்கும். தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும். பிறகு அதை எடுக்க லேத்துக்குத்தான் போக வேண்டும். கப் திறந்ததும் அடியில் பாருங்கள். பச்சைநிறப் பூச்சு, ஆறிப்போன வெல்லப்பாகுபோல ஒட்டிய பழுப்புக் கசடு, அதற்குள் துருத்தூள்: இந்த மூன்றும் இருக்கும் என்று நான் இங்கிருந்தே சொல்வேன்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலவென்று கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது, அது மிதக்காது, மாற்ற வேண்டியதுதான். ஃப்ளோட்டைத் தாங்கும் சிறு அச்சைத் தள்ளி எடுத்தால் அதோடு நீடிலும் வரும். அதன் கூர்முனையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் சொட்டு நிற்காது, புது நீடில் போடுங்கள். பள்ளம் இல்லையென்றால் துடைத்துப் போட்டாலே போதும்.

மெயின் ஜெட் நடுவில் பெரிதாகத் தெரியும். ஸ்லோ ஜெட் பக்கத்தில் ஒரு குழிக்குள் ஒளிந்திருக்கும். பித்தளை மென்மையானது, வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை நேரே அழுத்திப் பிடித்துத் திருகுங்கள். சில கார்பரேட்டர்களில் ஸ்லோ ஜெட்டைக் கழற்ற முடியாதபடி அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அப்படியென்றால் இடுக்கி போட்டுப் பிடுங்காதீர்கள், இருக்கும் இடத்திலேயே சுத்தம் செய்துகொள்ளலாம். கழற்ற முடிந்தால் வானத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவு வட்ட வெளிச்சம் தெளிவாகத் தெரியும். உங்களுடையதில் இருட்டாக இருக்கும், அல்லது வெளிச்சம் நசுங்கிய பிறைபோலத் தெரியும். இரண்டரை ஆண்டுக் கதையும் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

ஊக்கு, தையல் ஊசி, பிரேக் கேபிளின் எஃகு இழை எதையும் அதற்குள் நுழைக்காதீர்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் தினமும் நடக்கும் அநியாயம் இது. எஃகு பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். வண்டி அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், பிறகு ஆயுள் முழுவதும் மைலேஜ் இல்லை, பிளக் கரி பிடிக்கிறது என்று அலைய வேண்டியிருக்கும். கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. அதை அடித்து ஊறவிட்டு, மறுபடி அடியுங்கள். இறுகிய அடைப்பு என்றால் ஜெட்டை அதில் ஓர் இரவு மூழ்கவைத்துவிட்டு, மீன்பிடி நைலான் நரம்பையோ மின்ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செப்பு இழை ஒன்றையோ விட்டு மெல்ல அசையுங்கள். அவசரம் காட்டினால் இழை உள்ளேயே முறிந்துகொள்ளும்.

ஜெட் சுத்தமாகிவிட்டது என்று அத்தோடு மூடிவிடாதீர்கள். ஜெட்டிலிருந்து கார்பரேட்டரின் தொண்டைக்குப் போகும் வழிகளும் அடைத்திருக்கும். பக்கவாட்டில் ஓர் ஏர் ஸ்க்ரூ இருக்கும். கழற்றுமுன் அதை உள்நோக்கி மெல்லத் திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முட்டியதும் விட்டுவிட வேண்டும், இறுக்கினால் முனை நசுங்கும். பிறகு முழுவதும் கழற்றி, அந்தத் துளையில் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடியுங்கள். தொண்டைக்குள் இருக்கும் மிகச் சிறிய துளைகளிலிருந்து அது பீறிட்டு வெளிவர வேண்டும். வந்தால் வழி திறந்திருக்கிறது, வராவிட்டால் திறந்துகொள்ளும்வரை விடக் கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராத துளையிலிருந்து அது நேரே கண்ணுக்கு வரும். ரப்பர் ஓ-ரிங்குகளைக் கழற்றிவிட்டே ஸ்ப்ரே அடியுங்கள், பட்டால் ஊதிப் பெருத்துப் பள்ளத்தில் உட்காராது. கடைசியில் ஒரு பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் கம்ப்ரெசர் காற்றால் எல்லா வழிகளையும் ஊதிக்கொண்டு வாருங்கள்.

புதுக் கார்பரேட்டர் வாங்கச் சொன்னாரே இரண்டாமவர், அவருக்கு இதுதான் என் பதில்: உடல் வெடித்திருந்தாலோ, ஸ்லைடு ஓடும் சுவர் தேய்ந்து ஆடினாலோ ஒழிய, வண்டியோடு வந்த ஒரிஜினலைத் தூக்கி எறியக் கூடாது. கடையில் மலிவாகக் கிடைக்கும் போலிகளில் ஜெட் அளவு ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதி வந்த பிறகு புது பைக்குகளில் கார்பரேட்டர் அநேகமாக ஒழிந்து, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இன்று வேலை பழகும் பையன்களுக்குக் கார்பரேட்டரைத் திறந்து உட்காரும் பழக்கமே இல்லை. கழற்றி மாற்றுவதுதான் அவர்கள் அறிந்த வைத்தியம்.

எல்லாவற்றையும் பழையபடி பூட்டி, ஏர் ஸ்க்ரூவைக் குறித்துவைத்த சுற்றுக்கே கொண்டுவந்து, பெட்ரோல் குழாய் விறைத்திருந்தால் புதிதாக ஒன்று போட்டு, இரண்டு லிட்டர் புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். டேப்பைத் திறந்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். கார்பரேட்டர் அடியில் விரல் வைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கக் கூடாது. பிறகு சாவி போடாமலே இரண்டு முறை மெல்ல உதையுங்கள். சோக் போட்டு, சாவி போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓர் உதை. பிடித்துக்கொள்ளும். நீங்கள் விட்ட ஆயில் எரிந்து முதலில் புகை மண்டும், பயப்பட வேண்டாம். அரை நிமிடத்தில் சோக்கைப் பாதி இறக்கி, சூடு ஏறியதும் முழுவதும் எடுங்கள்.

பிடிக்கவில்லையென்றால் பிளக்கைக் கழற்றி மறுபடி பாருங்கள். காய்ந்திருந்தால் ஸ்லோ ஜெட் வழி இன்னும் சரியாகத் திறக்கவில்லை, கார்பரேட்டருக்குத் திரும்புங்கள். நனைந்திருந்து, பொறியும் வரவில்லையென்றால் ஒரு சோதனை இருக்கிறது. சாவிச் சுவிட்சிலிருந்து சி.டி.ஐ.க்குப் போகும் கருப்பு-வெள்ளை ஒயரின் இணைப்பைப் பிரித்துவிட்டு உதையுங்கள். இந்த ஒயரின் வேலையே பொறியைக் கொல்வதுதான், சாவியை மூடினால் எஞ்சின் அணைவது இதன் வழியாகவே. பிரித்ததும் பொறி வந்துவிட்டால் சி.டி.ஐ. நல்லது. சாவிச் சுவிட்ச் உள்ளே பாசி பிடித்தோ, எலி கடித்த ஒயர் சட்டத்தில் பட்டோ இருக்கிறது. பிரித்தும் வரவில்லையென்றால் அப்போது சி.டி.ஐ.யைப் பற்றிப் பேசலாம். அதுவும் கடையில் காசு கொடுத்து வாங்குமுன், ஓடுகிற இன்னொரு ஸ்ப்ளெண்டரிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு.

ஓடத் தொடங்கிய உடனே மன்னார்குடிக்கு முறுக்கிவிடாதீர்கள். கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கிளட்ச்சைப் பிடித்துக் கியர் போட்டாலும் வண்டி பாயும். எஞ்சினை அணைத்து, கியரில் வைத்து, கிளட்ச்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுக்கொடுக்கும். பிரேக் ஷூ துருவில் பிடித்திருக்கிறதா, டயர் பக்கச் சுவரில் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். செயினுக்கு எண்ணெய் காட்டுங்கள். பிறகு ஆர்.சி.யை எடுங்கள். 2003 வண்டிக்கு 15 ஆண்டுப் பதிவு 2018இல் முடிந்திருக்கும். அப்போது புதுப்பித்திருந்தாலும் அந்த 5 ஆண்டும் 2023இல் தீர்ந்திருக்கும். இன்ஷூரன்ஸும் உயிரோடு இருக்க வழியில்லை. இவற்றைச் சரிசெய்யாமல் ரோட்டில் இறக்கி, யார்மீதாவது மோதினால் கார்பரேட்டர் செலவு உங்களுக்குத் தூசாகத் தெரியும்.

திரும்பிப் போகும்போது நிறுத்திவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். அதன் பிறகும் கப்பின் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். கப்பின் கீழிருக்கும் ட்ரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதையும் வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்புவதென்றால் டேங்க்கை முட்ட நிரப்பி வையுங்கள், காற்றுக்கு இடமில்லாத டேங்கில் துரு ஏறாது. அதற்கு மேல் என்றால் முழுவதும் இறக்கிவிட்டு, ஒரு கை எஞ்சின் ஆயிலை ஊற்றி நாலாபுறமும் சாய்த்து உட்சுவரில் படவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலன்சர் வாயில் துணி அடையுங்கள். அந்தத் துணியைச் சிவப்பாகப் போட்டால் அடுத்தமுறை எடுக்க மறக்காது.

பக்கத்து வீட்டுப் பையனிடம் மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைத்தால், சூடு ஏறாத எஞ்சினிலும் சைலன்சரிலும் தண்ணீர் கோத்துக்கொள்ளும், கப்பிலும் பெட்ரோல் மறுபடி நிறைந்து நிற்கும். அவனிடம் லைசென்ஸ் இருந்து, ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓட்டிவந்து டேப்பை மூடி நிறுத்துவான் என்றால் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டியைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.